பழைய ஜீப் ஒன்று வன்னிப் பாதைக்கு வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவில் வரும் ஜீப்பின் சொந்தக்காரர் முல்லைத்தீவு மாவட்டத்தில் வேலை பார்க்கும் விவசாயப் போதனாசிரியர். வயது 46. வீட்டில் மனைவி, 13 வயது மகள், 72 வயதுத் தாயார். நான் கிளிநொச்சிப் பக்கம் சிறிய கராஜ் ஒன்று வைத்திருப்பவன். அவருடைய மோட்டார் சைக்கிளைப் பல வருடமாக நான்தான் திருத்துகிறேன். ஜீப்பைப் பார்க்கப் போன நாள் முதல் கூடவே இருந்ததால் இதை எழுதுகிறேன். எழுதியதை அவரும் வாசித்துப் பார்த்துச் சம்மதம் சொன்னார்.

ஜீப் ஆசை அவருக்குச் சின்ன வயதிலேயே வந்தது. குளக்கட்டால் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஜீப் வந்தால் ஊர்ப் பொடியள் எல்லாரும் பின்னால் ஓடுவார்களாம். துருசடியில் (மதகடியில்) அது நிற்கும்போது சூடான எஞ்சினில் இருந்து எழும்பும் ஒயில் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது என்பார். வேலைக்கு வந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகத் திரிந்தவருக்கு, மழைக்காலத்தில் பாதி வழியில் சைக்கிளைப் பாலை மரத்தோடு சாய்த்துவிட்டு நடப்பது வழக்கம். வீட்டாரையும் கூட்டிக்கொண்டு இந்த இடங்களுக்கெல்லாம் ஒரு நாள் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வளர்ந்தது.

ஏ9 வீதியும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34உம், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வரும் ஏ35உம் இன்று நல்ல தார் வீதிகள். அவற்றில் ஓட ஜீப் தேவையில்லை. வீதியை விட்டு இறங்கி இரண்டு கிலோமீற்றர் உள்ளே போனால்தான் வன்னி தொடங்கும். முதலில் கிறவல், பிறகு செம்மண், குளத்துக்குக் கிட்டப் போகப் போகக் களி, நாயாறு, சாலை என்ற கரையோர ஊர்களின் பக்கம் கடற்கரை மணல். ஒவ்வொரு மண்ணும் வண்டியை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும். ஒக்ரோபரில் தொடங்கும் மாரி வந்துவிட்டால் கோடையில் பார்த்த பாதையை அடையாளம் தெரியாது.

தாயாருக்கு இதில் விருப்பம் இருக்கவில்லை. 2009 போரின்போது அவர்களுடைய லாண்ட் மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) புதுக்குடியிருப்புக்கு அங்கால் வீதியோரம் விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு அப்படி விட்டுவந்த வாகனம் ஒன்று இருக்கும். “இரும்பில காசைப் போடாத தம்பி, காணியில போடு” என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தச் சொல்லை நாங்கள் இருவருமே சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மொத்தம் 35 இலட்சத்துக்கு ஒரு சதமும் கூடக் கூடாது, கடனோ லீசிங்கோ எடுக்கக் கூடாது என்று மகன் கட்டுப்பாடு வைத்ததற்கு அதுதான் காரணம்.

எந்த ஜீப்

தேடத் தொடங்கியது 2024 ஜனவரியில். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போதும் திறக்கவில்லை. இருக்கிற பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருந்தன. லாண்ட் ரோவர் டிஃபென்டர் அவருடைய கனவு. அந்தக் காசுக்கு அது கிடையாது. மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் ஒன்று வவுனியாவில் விலைக்கு வந்தது. டீசல் எஞ்சின், நல்ல வலு, ஆனால் பாரம் கூட, ஓட்டவும் முரடு. மனைவியும் ஓட்ட வேண்டும் என்று அவர் நினைத்ததால் அது கழிந்தது.

கடைசியில் சுசுகி எஸ்ஜே 413 என்று முடிவானது. 1.3 லீற்றர் பெற்றோல் எஞ்சின், ஐந்து கியர், முன்னும் பின்னும் முழு அச்சு, நாலு மூலையிலும் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). பாரம் 900 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். களியில் இறங்கும் வண்டிக்கு இந்தப் பாரக் குறைவு பெரிய வரம். புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளலாம். இதில் கணினி எதுவும் இல்லை. ஒரு சுத்தியல், ஒரு ஸ்பனர் செற் இருந்தால் ஒட்டுசுட்டானில் மரத்தடியில் வைத்தும் திருத்தலாம். எனக்கு இந்த வண்டியில் தனி மதிப்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்க்கப் போன அன்று

ஏப்ரலில் தெற்கில் ஒரு நகரத்தில் இலைப்பச்சை நிறத்தில் ஒன்று இருப்பதாகத் தரகர் ஒருவர் படம் அனுப்பினார். விலை 28 இலட்சத்து 50 ஆயிரம். இங்கேதான் முதல் பிழை நடந்தது. “நாளைக்குக் காலமை இன்னொருத்தர் காசோட வாறார்” என்று தரகர் சொன்னவுடன், வண்டியை நேரில் பார்க்காமலே 2 இலட்சம் முற்பணம் அனுப்பிவிட்டார். எனக்குச் சொன்னது அதற்குப் பிறகு. முப்பது வருட ஆசையைக் கையில் வைத்திருப்பவனிடம் அந்த ஒரு வசனம் போதும். தரகருக்கு அது நன்றாகத் தெரியும்.

நாங்கள் போன நேரம் விடியற்காலை. எஞ்சின் சூடாக்கி வைக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் போனோம். மூடியில் கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. சோக் இழுத்து இரண்டாம் முறை ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அக்சிலேற்றரை அமத்தியபோது லேசான நீலப் புகை வந்து அடங்கியது. வால்வு சீல்கள் காய்ந்திருக்கின்றன. கொம்பிரசன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்ததில் நாலு சிலிண்டரும் 165க்கும் 170 பிஎஸ்ஐக்கும் இடையில் இருந்தன. புது எஞ்சினோடு பார்த்தால் குறைவுதான். நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்ததுதான் எனக்கு முக்கியம். ஒன்று மட்டும் 120 காட்டியிருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன்.

பிறகு சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். அடிப்பக்கம் முழுவதும் புதுசாகத் தார்ப்பூச்சு அடித்திருந்தது. பழைய ஜீப்பின் அடியில் புதுத் தார் மினுங்கினால் சந்தோசப்படக் கூடாது. ஸ்குறூ ட்ரைவரின் பிடியால் ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டு போனேன். நல்ல இரும்பு மணி போலச் சத்தம் தரும். சாரதியின் காலடிக்கு நேர் கீழே வந்தபோது சத்தம் தொப்பென்று செத்தது. மேலே வந்து மிதியடியைத் தூக்கி, அதே இடத்தில் ஸ்குறூ ட்ரைவரின் நுனியை வைத்து மெல்ல அழுத்தினேன். பப்பாசிப்பழத்தில் இறங்குவது போல இறங்கியது. ஓட்டைக்குள்ளால் நிலத்துப் புல் தெரிந்தது. அவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கதைக்கவில்லை.

செஸி (வண்டியின் அடிச்சட்டம்) அந்த அளவுக்குக் கெடவில்லை. பின் இடப்பக்க வில் தொங்கும் இடத்துக்கு மேலே மட்டும் பழைய ஒட்டு ஒன்று, வேலை சுத்தமாக இருந்தது. மற்ற இடங்களில் மேலோட்டமான கறள்தான். இந்த வண்டியில் தரைத்தகரம் போனால் வெட்டி ஒட்டலாம். செஸி உள்ளுக்குள் தின்னப்பட்டிருந்தால் அந்த வண்டி முடிந்த கதை. வாங்கலாமா வேண்டாமா என்ற என் கணக்கு இந்த ஒரு இடத்தில்தான் தீர்ந்தது.

மற்றவை: முன் சில்லுகளின் உட்பக்கம் கியர் ஒயில் வடிந்து தூசி அப்பியிருந்தது, சில்லு திரும்பும் மூட்டில் ஒயிலைத் தடுக்கும் நக்கிள் சீல் போய்விட்டது. ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது வலப்பக்கச் சில்லு ஆடியது, காரணம் அதே மூட்டின் கிங்பின் பெயாரிங். ஓட்டிப் பார்த்ததில் 60ஐத் தொட்டவுடன் ஸ்டியரிங் உதறியதற்கும் அதுதான் காரணம். முன் சில்லை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் இருக்கும் இடப்பக்க ஃப்ரீவீல் ஹப்பைக் கையால் திருப்ப முடியாமல் இறுகியிருந்தது. அதாவது இந்த ஜீப்பின் நாலு சில்லும் கன காலமாகச் சேர்ந்து இழுக்கவே இல்லை. வலுவை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியைத் தாங்கும் றப்பர்களில் ஒன்று கிழிந்திருந்தது.

புத்தகமும் விலையும்

பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் வண்டியில் இருந்தவையோடு ஒத்துப்போயின. ஆனால் புத்தகத்தில் இருந்த பெயர் விற்பவருடையது அல்ல. மூன்று கை மாறியும் யாரும் பெயர் மாற்றவில்லை. கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் மட்டும் கையிலிருந்து கைக்கு வந்திருக்கின்றன. வருமான அனுமதிப்பத்திரமும் இரண்டு வருடம் நிலுவை. மாற்றம் நடந்து 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் ஓடும் வாகனங்கள் நாட்டில் நிறைய. ஒரு விபத்து நடந்தாலோ முதல் சொந்தக்காரர் இறந்துபோனாலோ அந்தப் படிவத்துக்குப் பெறுமதி இல்லை.

இந்த விசயத்தில் போதனாசிரியர் உறுதியாக நின்றார். புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், பெயர் மாற்றம் தன் பெயருக்கு நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மிச்சக் காசு. 19 நாள் எடுத்தது. தரகர் இரண்டு தரம் கோபப்பட்டார். மூன்றாம் கிழமை புத்தகத்தில் பெயர் இருந்த வயோதிபர் மகனோடு வந்து கையெழுத்து வைத்துவிட்டு, ஜீப்பின் முன் மூடியை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

விலையில் அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை. ஓட்டை விழுந்த தரையைக் காட்டிக் கேட்டதில் 2 இலட்சம் குறைந்தது, 26 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது. முற்பணம் கொடுக்காமல் எழும்பி நடக்கக்கூடிய நிலையில் இருந்திருந்தால் இன்னும் ஒன்று, ஒன்றரை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். வண்டி ஏ9 வழியாக வீடு வந்தது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று அவருடைய முகத்தில் இருந்த மலர்ச்சிக்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

கொப்பியில் இருந்த பட்டியல்

கையில் மிச்சம் 8 இலட்சத்து 50 ஆயிரம். அவரிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. அதில் வருடக்கணக்காக எழுதிய பட்டியல். முதலாவது மூன்று அங்குல உயர்த்தல். அடுத்து 235 ரயர், கூரைக்கு மேல் லைற் வரிசை, புதைந்தால் கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், கூரைத் தட்டு, தண்ணீருக்கு மேலால் எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் ஸ்நோர்கல். கடைசி வரியில் சின்ன எழுத்தில் “பிரேக், சீல்”.

அந்தப் பக்கத்தை நான் தலைகீழாகப் பிடித்து, கீழேயிருந்து மேலே போவோம் என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. சரி, அதற்காக நான் வலிந்து சொல்லவில்லை. நீங்கள் உண்மையில் போகப்போகும் பாதைகளை எழுதுங்கோ என்றேன். அவர் எழுதினார்: முத்தையன்கட்டின் உட்பக்கம், தண்ணிமுறிப்பு, துணுக்காயிலிருந்து வெள்ளாங்குளம் போகும் வழியில் உட்கிராமங்கள், பாலம்பிட்டி வழியாக மடு, நாயாற்றுக் கடற்கரை. இதில் எந்த இடத்தில் பாறை ஏற வேண்டும்? எந்த இடத்தில் விஞ்ச் கட்டி இழுக்க வேண்டும்? எல்லாமே உழவு இயந்திரம் போய்வரும் பாதைகள். மாரியில் ஒரு முழங்கால் தண்ணீர், கோடையில் மணல். அவருக்குத் தேவைப்பட்டது கெட்டுப்போன பாதையில் நம்பி ஓடக்கூடிய வண்டி.

உயர்த்தலை விட்டதற்கு இரண்டு காரணம். வில்லை உயர்த்தினால் உடலும் செஸியும்தான் மேலே போகும். இரண்டு சில்லுக்கும் வலுவைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் (டிஃப்) பந்துதான் நிலத்துக்கு மிகக் கிட்ட இருப்பது, அது அச்சில் இருக்கிறது, அது ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்தக்கூடியது பெரிய ரயர் மட்டும்தான். இரண்டாவது காரணத்தைத் தாயார் காட்டினார். ஒருநாள் மாலை முற்றத்தில் நின்ற ஜீப்பில் ஏறிப் பார்க்கச் சொன்னோம். சேலையை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் கதவுத் தூணைப் பிடித்து, காலைத் தூக்கினார். பாதம் படிவரை வரவில்லை. இரண்டாம் தரம் தூக்கி, இறக்கிவிட்டு, “நீங்கள் போட்டு வாங்கோ” என்றார். இன்னும் மூன்று அங்குலம் உயர்த்தியிருந்தால் அந்த ஜீப்பில் அவர் ஏறியே இருக்க மாட்டார். மகன் அன்றிரவே உயர்த்தல் என்ற வரியை வெட்டிவிட்டு, “கால்படி” என்று எழுதினார்.

ரயர்

அதிக நேரம் கதைத்தது ரயரைப் பற்றித்தான். வண்டியோடு வந்த அளவு 205/70 ஆர் 15. அதன் விட்டம் 668 மில்லிமீற்றர். அவர் விரும்பிய 235/75 போட்டால் 733 வரும். உயரம் கூடுவது அதில் பாதி, 33 மில்லிமீற்றர். நல்லதுதான். ஆனால் திருப்பும்போது உள்ளே தட்டும், தகரத்தை வெட்ட வேண்டும். வேகமானி கிட்டத்தட்ட 10 வீதம் குறைத்துக் காட்டும். அதைவிட, 1.3 லீற்றர் எஞ்சினுக்கு அந்தச் சில்லைச் சுழற்றுவதே பாரம். பிரேக்குக்கும் அப்படித்தான், பின்னால் இருப்பது டிரம்.

எடுத்தது 215/75 ஆர் 15, தார் வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான பல் உள்ளது. விட்டம் 703. உயரம் 17, 18 மில்லிமீற்றர் கூடியது. வேகமானி 60 காட்டினால் உண்மையில் 63 ஓடுகிறோம். ஒரு துண்டும் வெட்டவில்லை. மேலதிகச் சில்லையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவில் வாங்கினோம். நாலு மட்டும் வாங்கிவிட்டுப் பழைய அளவு ரயரை முதுகில் தூக்கித் திரிபவர்களைக் காண்கிறேன். காட்டில் காற்றுப் போனால் அச்சில் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்று டிஃப்பை அரைத்துக்கொண்டு வருவார்கள்.

மற்ற வேலைகள்

ஜூனில் தரையை வெட்டிப் புதுத் தகரம் ஒட்டினோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்து, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, செஸிக்குள்ளும் விசிறினோம். இது 1 இலட்சத்து 85 ஆயிரம். கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் பெரியது இதுதான். முன் அச்சுக்குக் கிங்பின் பெயாரிங், நக்கிள் சீல், சில்லுப் பெயாரிங் எல்லாம் மாற்றியதற்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். பிரேக் முழுவதும் 65 ஆயிரம். ஹப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி கிறீஸ் வைத்ததோடு, ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் மூன்று றப்பர்களையும் மாற்ற 70 ஆயிரம். ஐந்து ரயரும் 2 இலட்சத்து 40 ஆயிரம்.

செஸியோடு தகடு வைத்துப் பூட்டிய இழுவைக் கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெறும் பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் தனியாக வரும். பற்றரியில் கொழுவும் சின்னக் காற்றுப் பம்பி, காற்று அளக்கும் மீற்றர், மண்வெட்டி, ஜக்குக்குக் கீழே வைக்க முதிரைப் பலகைத் துண்டு. பின் இருக்கைக்கு இரண்டு பாதுகாப்புப் பட்டி. கால்படியை ஊரில் உள்ள வெல்டிங் பட்டறையில், தாயாரின் முழங்கால் உயரத்தை அளந்து செய்வித்தோம். இந்தச் சில்லறைச் சாமான் எல்லாம் 60 ஆயிரம். பெயர் மாற்றம், நிலுவை, புகைப் பரிசோதனை என்று 45 ஆயிரம். மொத்தம் 7 இலட்சத்து 85 ஆயிரம். மிச்சம் 65 ஆயிரத்தை அவர் தொடாமல் வைத்தார்.

அச்சுகளின் காற்றுவழிக் குழாயையும் நீட்டினோம். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சுவிடும் வழி தண்ணீருக்குக் கீழே இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அதனால் அந்த வழியில் ஒரு றப்பர் குழாயைக் கொழுவி மேலே கொண்டுபோய்க் கட்டுவது வழமை. பின் அச்சுக்குக் கட்டினோம். முன்னுக்கு வந்தபோது குழாய் போதவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன்.

கோடை: நாயாற்று மணல்

2024 ஓகஸ்ட். வீட்டார் நாலு பேரும், பின்னால் என் மோட்டார் சைக்கிளில் நானும். நாயாற்றுக்கு அங்கால் கடற்கரையை ஒட்டிய மணலில் 30 மீற்றர் போகவில்லை, பின் சில்லுகள் கிண்டத் தொடங்கின. 4எச்சில் (நாலு சில்லும் இழுக்கும் வேக நிலை) போட்டிருக்கிறேன் என்றார். இன்னும் அமத்தினார், இன்னும் புதைந்தது. கரைவலைக்காரர் சிலர் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் எழும்பி வந்து, “தம்பி, முதல் காத்தைக் குறையுங்கோ, பிறகு இழுக்கிறதைப் பற்றி யோசிப்பம்” என்றார்.

காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது முன் இடப்பக்கம் குந்தியிருந்த மகள், “அப்பா, இந்தப் பக்கம் ஃப்ரீ எண்டு நிக்குது” என்றாள். வலப்பக்க ஹப்பை லொக்கில் போட்டவர், இறுக்கமாக இருந்த இடப்பக்கத்தைப் பாதியில் விட்டிருக்கிறார். முன் டிஃப் வலுவைச் சுலபமாகச் சுழலும் பக்கத்துக்கே கொடுக்கும். ஒரு பக்க ஹப் ஃப்ரீயில் இருந்தால் உள்ளே அந்த அச்சு சும்மா சுற்றும், மற்றப் பக்கச் சில்லும் இழுக்காது. லீவரை எதில் போட்டாலும் அது பின் சில்லு மட்டும் இழுக்கும் வண்டிதான். ஹப்பைத் திருப்பினோம், சில்லுக்கு முன்னால் மணலை ஒதுக்கினோம், 4எல்லில் (நாலு சில்லும் மெதுவாக, வலுவாக இழுக்கும் நிலை) இரண்டாம் கியரில் மெல்ல விட்டார். கயிறு இல்லாமல் ஏறி வந்தது. வீதிக்கு வந்து காற்றை 26க்கு ஏற்றி, ஹப்பை மீண்டும் ஃப்ரீயில் போட்டார். தார் வீதியில் 4எச்சில் ஓடினால் முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் முறுக்கு ஏறி ஏதாவது ஒன்று உடையும். அன்றிலிருந்து இரண்டு ஹப்பையும் திருப்புவது மகளின் வேலை, வேறு யாரையும் தொடவிடுவதில்லை.

மாரி: முன் அச்சில் தண்ணீர்

நவம்பர் கடைசியில் பெய்த மழையில் வடக்கு முழுவதும் வெள்ளம். குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன. அந்தக் கிழமை அவர் வண்டியை எடுக்கவில்லை, அது நல்ல முடிவு. டிசம்பர் நடுவில் வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணிமுறிப்புப் பக்கம் பயிர் பார்க்கத் தனியே போனார். ஒரு தாழ்பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கித் தடியோடு நடந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே, அடி உறுதி, இழுவை குறைவு. 4எல்லில் நிதானமாகக் கடந்தார். மாலையில் அதே வழியால் திரும்பினார். ஓட்டத்தில் ஒரு பிழையும் இல்லை.

தண்ணீருக்குள் இறங்கி வந்தால் அந்த வாரத்துக்குள் டிஃப் ஒயில் பார்க்க வேண்டும் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வந்தார். பின் டிஃப்பில் ஒயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. முன் டிஃப்பின் மூடியைக் கழற்றியதும் விரலில் வந்தது பால் தேத்தண்ணி நிறம். நான் நாளைக்கு என்று விட்ட அந்தக் குழாய். ஆறு மாதமாக அது என் நினைவிலேயே இல்லை. அவர் கொப்பியில் எழுதாமல் இருந்திருந்தால் பெயாரிங்குகள் கறள் பிடித்து, கோடையில் ஒருநாள் காட்டுக்குள் கரகரவென்று அரைத்திருக்கும். ஒயிலை வடித்து, கழுவி, 2 லீற்றர் புது ஒயில் விட்டு, நூறு கிலோமீற்றர் ஓடவிட்டு மறுபடி மாற்றினோம். குழாயை அன்றே பூட்டினேன். காசு வாங்கவில்லை. பல்லிலும் பெயாரிங்கிலும் சேதம் இல்லை.

திரும்பி வந்த பயணம்

2025 பெப்ரவரியில் முத்தையன்கட்டுப் பக்கம் உழவு இயந்திரத் தடத்தில் போனபோது, பாதைக்குக் குறுக்கே பெரிய பாலை மரம் ஒன்று விழுந்து கிடந்தது. இடப்பக்கம் பற்றைக்குள்ளால் சுற்றிப் போக நாலு மீற்றர் இடைவெளி. இந்த ஜீப்புக்கு அது ஒன்றுமே இல்லை. மிதிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. பற்றைக்குள் சில்லுத் தடமும் இல்லை.

அவர் இறங்கி, தான் நின்ற தடத்திலேயே நின்று, இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு 11 கிலோமீற்றர் திரும்பி வந்தார். சில இடத்தில் ரிவேர்ஸில். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் இங்கே இருபது வருடத்துக்கு மேலாக மிதிவெடி அகற்றுகின்றன, பெரும் பகுதி துப்புரவாகிவிட்டது. ஆனால் பலகை இல்லாத இடமெல்லாம் பார்த்து முடித்த இடம் என்று யாரும் எழுதித் தரவில்லை. வெள்ளம் மண்ணைப் புரட்டும், புதைந்ததை இடம் மாற்றும். வேறு நாட்டில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பாதை இல்லாத இடத்துக்குப் போவதைப் பெருமையாகச் சொல்வார்கள். வன்னியில் அந்தப் பெருமை வேண்டாம். சில்லுத் தடம் உள்ள இடத்தில் மட்டும் சில்லு வைப்பது என்ற விதியை அவர் முதல் நாளே எழுதினார், இதுவரை மீறவில்லை. நிலத்தில் தீ மூட்டிச் சமைப்பதில்லை என்பதும் அதோடு சேர்ந்த விதி. குப்பைக்குத் தீ வைத்து அடியில் கிடந்தது வெடித்த சம்பவங்கள் நம் ஊர்களில் நடந்திருக்கின்றன. சின்ன காஸ் அடுப்பு ஒன்றைக் கொண்டுபோய் ஜீப்பின் பின் கதவில் வைத்துத் தேத்தண்ணி போடுகிறார்கள். ஒதுக்கக் காடுகளுக்குள்ளும், 2015இல் தேசியப் பூங்காவாக்கிய சுண்டிக்குளத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் இறங்குவதில்லை.

இன்றைய நிலை, மாற்றிச் செய்வது

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. லீற்றருக்கு ஒன்பது, பத்து கிலோமீற்றர் தருகிறது. 40 லீற்றர் தாங்கிக்கு அது போதும். நீலப் புகை கொஞ்சம் கூடியிருக்கிறது, வால்வு சீல் மாற்ற வேண்டும், வைத்திருந்த 65 ஆயிரம் அதற்குத்தான். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. இதே சுசுகி வரிசையில் வரும் புது ஜிம்னியின் விலையை வரியோடு கேட்டுவிட்டு அவர் சிரித்துக்கொண்டே வந்து தன் ஜீப்பைக் கழுவினார்.

திரும்ப ஒருமுறை செய்வதென்றால், நேரில் பார்க்காமல் ஒரு சதமும் முற்பணம் கொடுக்க மாட்டேன் என்கிறார். பின் இருக்கைப் பட்டியை எல்லாவற்றுக்கும் முதல் பூட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பட்டி வரும் முன்பே மகளைப் பின்னால் இருத்தி இரண்டு நாள் ஓடியது அவருக்கு இன்னும் மனதில் நிற்கிறது. என் பங்குக்கு, ஒரு வண்டியில் முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலையை ஒரே நாளில் முடிக்காமல் கராஜுக்கு வெளியே விடுவதில்லை. சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன், பாதியில் நிற்கும் வேலை அதில் ஏறும்.

போன மாசியில் தாயார் தானாகவே கேட்டு, பாலம்பிட்டி வழியாக மடுவுக்குப் போய்வந்தார். கால்படியில் முதல் காலை வைத்து, கதவுத் தூணைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறினார். வழியில் கிறவல் குழிகளில் குலுங்கியபோது, லாண்ட் மாஸ்டரை விட இது பரவாயில்லை என்றாராம். கொப்பியில் விஞ்ச் என்ற வரி இன்னும் வெட்டப்படவில்லை. பக்கத்தில் பென்சிலால் “அடுத்த மாரி பார்த்து” என்று எழுதியிருக்கிறது.